கடற்கரை எஸ்எம்எஸ் பலகைக்கு எந்த மைக்ரோகன்ட்ரோலர் வாங்கலாம்?

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி, மூக்கையூர் என்று படகு கட்டி நிறுத்தும் இடங்களில் வைக்க ஒரு எல்இடி பலகை. சங்கத்துக்காரர் ஒரு குறுஞ்செய்தி தட்டினால் அது தமிழிலேயே பலகையில் ஓட வேண்டும். நாளைக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் உண்டா இல்லையா, காற்று எத்தனை கிலோமீட்டர் வேகம், துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏறியிருக்கிறது என்ற சேதிகள். பலகையை இயக்கும் மைக்ரோகன்ட்ரோலர் (சிறு கட்டுப்பாட்டுக் கணினி) போர்டுகளில் இந்த வேலைக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதுதான் இந்த மதிப்பீடு. கடையில் எளிதாகக் கிடைக்கும் ஆர்டுயினோ ஊனோ, மெகா 2560, ஈஎஸ்பி32, ராஸ்பெர்ரி பை பிக்கோ, ப்ளூ பில் ஆகியவற்றையே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தமிழில் ஓட வேண்டுமென்றால் ஈஎஸ்பி32 வாங்குங்கள். வ்ரூம் என்ற அதன் மாட்யூல் பொருத்திய சாதாரண தேவ்கிட் போர்டு போதும். அது கிடைக்காவிட்டால் பிக்கோ. ஊனோவில் ஆங்கிலச் சேதி ஓட்டலாம், தமிழுக்கு அதை நம்ப வேண்டாம்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது மெகாஹெர்ட்ஸ். இந்த வேலைக்கு அது அநேகமாக எதையும் தீர்மானிப்பதில்லை. சிம்மோடு குறுஞ்செய்தியை வாங்கி போர்டுக்குத் தரும் மோடம் 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் பேசினால் நொடிக்கு 960 எழுத்துதான் வரும், ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸே அதற்குத் தாராளம். பார்க்க வேண்டியவை இரண்டு: மோடத்துக்கென்று தனியாக ஒரு ஹார்டுவேர் சீரியல் (சிப்பிலேயே உள்ள தரவு வாசல்) இருக்கிறதா, ராம் (தற்காலிக நினைவகம்) எவ்வளவு. இவை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது தமிழ்க் குறுஞ்செய்தி எப்படி வருகிறது என்று பார்த்தால் புரியும்.

"மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற வரியை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் 19 எழுத்து, மூன்று இடைவெளி. யூனிகோடு கணக்கில் இது 35 குறியீடு. 'டா' என்பது ட, துணைக்கால் என இரண்டு. 'ர்' என்பது ர, புள்ளி என இரண்டு. ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70 குறியீடுதான். ஆக, மேலே சொன்ன ஒரு வரியே பாதி இடத்தைத் தின்றுவிடுகிறது. அதைத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாக உடைந்து வரும், துண்டுக்கு 67 குறியீடு. காற்றின் வேகமும் தேதியும் ஊர்ப் பெயரும் சேர்ந்த ஒரு சாதாரண எச்சரிக்கை மூன்று துண்டாவது ஆகும். மோடம் ஒவ்வொரு குறியீட்டையும் நான்கு ஹெக்ஸ் (0-9, A-F) எழுத்தாக அனுப்பும். ஒரு முழுத் துண்டுக்குச் செய்தி மட்டும் 280 ஹெக்ஸ் எழுத்து, அனுப்பியவர் எண், நேரம் அடங்கிய தலைப்பும் சேர்ந்தால் முந்நூறைத் தாண்டும். மூன்று துண்டென்றால் ஏறக்குறைய ஆயிரம்.

இப்போது ஊனோவைப் பாருங்கள். ஏடிமெகா328பி சிப்பில் மொத்த ராம் 2 கிலோபைட். ஹார்டுவேர் சீரியல் ஒன்றே ஒன்று, அதுவும் யுஎஸ்பி பக்கம் பிடிபட்டிருக்கும். அதனால் எல்லோரும் மோடத்தை சாஃப்ட்வேர்சீரியலில் (சாதாரணக் கால்களை ப்ரோக்ராம் மூலம் சீரியலாக்கும் முறை) இணைக்கிறார்கள். வந்த எழுத்துகள் காத்திருக்கும் அதன் பஃபர் 64 பைட். 9600 பாட்டில் அது நிரம்ப 67 மில்லிநொடி போதும். ப்ரோக்ராம் எங்கேயாவது 100 மில்லிநொடி டிலே போட்டு எழுத்தை நகர்த்திக்கொண்டிருந்தால் அதற்குள் செய்தியின் நடுப்பகுதி தொலைந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் பலகையில் பொருத்தும் பி10 பேனலோடு (32×16 எல்இடி புள்ளிகள் கொண்ட துண்டு) வருகிறது. அந்த பேனல் தானாக எரிந்துகொண்டிருப்பதில்லை. நான்கு வரிசைக்கு ஒரு முறை என மாற்றி மாற்றி எரிய, கன்ட்ரோலர் சில மில்லிநொடிக்கு ஒரு முறை நடக்கும் வேலையை இடைநிறுத்தி, அதாவது இன்டரப்ட் எடுத்து, புள்ளிகளைத் தள்ள வேண்டும். சாஃப்ட்வேர்சீரியலோ ஒரு பைட்டை வாங்கி முடிக்கும்வரை இன்டரப்ட்டை நிறுத்தி வைக்கும். பேனல் இன்டரப்ட் ஓடும்போது பைட்டின் தொடக்கம் வந்தால் அந்த எழுத்து கெட்டுப்போகும், பைட் வரும்போது பேனலின் முறை வந்தால் பலகை மினுக்கும். எஸ்எம்எஸ் வரும் நேரத்தில் மட்டும் பலகை துடிக்கிறது, நடுவில் எழுத்து மாறுகிறது என்று புகார் வந்தால் காரணம் இதுதான். மோடத்தை மாற்றினாலும் தீராது.

16×2 எல்சிடி வைத்து ஆங்கிலத்தில் காட்டும் பயிற்சிக்கு ஊனோ நல்ல போர்டு, சந்தேகமில்லை. ஆனால் அந்த எல்சிடியில் நாமே வரைந்துகொள்ளக்கூடிய எழுத்து எட்டே எட்டு, அதுவும் 5×8 புள்ளிக்குள். தமிழுக்கு அங்கே வழியே இல்லை.

மெகா 2560 இந்தச் சீரியல் சிக்கலை நேராகத் தீர்க்கிறது. நான்கு ஹார்டுவேர் சீரியல், 8 கிலோபைட் ராம், ப்ரோக்ராம் தங்க 256 கிலோபைட் ஃப்ளாஷ். 5 வோல்ட் போர்டு என்பதால் பேனலுக்கு இடையில் எதுவும் வேண்டாம். கையில் ஏற்கெனவே மெகா இருந்தால் தாராளமாக அதிலேயே செய்யலாம். புதிதாக வாங்குவதென்றால் ஈஎஸ்பி32ஐவிட விலை கூடுதல்.

ஈஎஸ்பி32இல் மூன்று ஹார்டுவேர் சீரியல், 520 கிலோபைட் ராம், 240 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் இரண்டு கோர் (செயலி). ஒரு கோரை பேனலுக்கும் மற்றதை மோடத்துக்கும் ஒதுக்கிவிட்டால் ஒன்றின் வேலை மற்றதைத் தொடாது. சீரியல்2க்கு 16, 17 ஆகிய கால்கள் (பின்கள்) வழக்கம். பெறும் பஃபர் 256 பைட்தான் தொடக்கத்தில் இருக்கும். சீரியலைத் தொடங்கும் வரிக்கு முன்னால் அதை 2048 ஆக உயர்த்துங்கள், தொடங்கிய பிறகு உயர்த்தினால் பலிக்காது. இன்னொரு வசதி வைஃபை. கம்பத்தில் ஏற்றிய பலகைக்கு ப்ரோக்ராம் மாற்ற ஏணி வைக்க வேண்டியதில்லை, கீழே நின்று போனிலிருந்தே ஏற்றலாம். அந்த நேரம் போக வைஃபையை அணைத்தே வையுங்கள்.

அதன் குறைகளும் தெரிந்திருக்க வேண்டும். 6 முதல் 11 வரை உள்ள கால்கள் ஃப்ளாஷுக்குப் போய்விட்டன, தொடக்கூடாது. 34 முதல் 39 வரை உள்ளவை உள்ளீடு மட்டும். 12ஆம் காலில் பேனல் கம்பியைக் கொடுத்து, போர்டு எழும்பும் நேரத்தில் அது உயர்நிலையில் இருந்தால் ஃப்ளாஷின் வோல்டேஜைத் தவறாக எடுத்துக்கொண்டு போர்டு எழும்பவே எழும்பாது. 0, 2, 5, 15 ஆகியவற்றையும் தவிர்ப்பது நல்லது. பேனலுக்கு 18, 23, 19, 21, 22, 4 என்று எடுத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

அடுத்தது லாஜிக் வோல்டேஜ். பி10 பேனலின் வாசலில் இருப்பது பெரும்பாலும் 74எச்சி245. 5 வோல்டில் ஓடும்போது அது 3.5 வோல்டுக்கு மேல்தான் 'ஒன்று' என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். ஈஎஸ்பி32 தருவது 3.3. மேசையில் ஓடும், நீளக் கம்பி போட்டு வெயிலில் வைத்தால் ஓரத்தில் பொட்டுப் பொட்டாகத் தேவையில்லாத புள்ளிகள் எரியும். இடையில் ஒரு 74எச்சிடி245 போடுங்கள். எச்சி வேறு, எச்சிடி வேறு. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார், ஒன்றல்ல.

ப்ரோக்ராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பி10க்கான டிஎம்டி32 நூலகத்தின் பழைய எடுத்துக்காட்டுகள் ஆர்டுயினோ ஈஎஸ்பி32 கோர் என்ற மென்பொருள் தொகுப்பின் 3ஆம் பதிப்பில் கம்பைல் ஆகாது. அந்தப் பதிப்பில் டைமர் கட்டளைகளை மாற்றிவிட்டார்கள். கோரை 2 வரிசைக்கு இறக்கிக்கொள்ளுங்கள், அல்லது டைமர் வரிகளைத் திருத்துங்கள்.

பிக்கோ 2021இல் வந்தது. 264 கிலோபைட் ராம், இரண்டு ஹார்டுவேர் சீரியல். அதன் பிஐஓ (நிரலிடக்கூடிய உள்ளீடு-வெளியீடு) பகுதி பேனலுக்குப் புள்ளி தள்ளும் வேலையைக் கோருக்குச் சுமை தராமல் தானே செய்யும், அந்த விஷயத்தில் ஈஎஸ்பி32ஐவிடச் சுத்தமான போர்டு. தமிழில் உதவி கேட்டால் பதில் சொல்ல ஆள் குறைவு என்பதும், சாதாரண பிக்கோவில் வைஃபை இல்லை என்பதும்தான் அதை இரண்டாமிடத்தில் நிறுத்துகின்றன. ப்ளூ பில் வேண்டாம். அதிலுள்ள எஸ்டிஎம்32 நல்ல சிப்தான், ஆனால் சந்தையில் போலி மலிந்துவிட்டது. லினக்ஸ் ஓடும் ராஸ்பெர்ரி பையும் வேண்டாம். மின்சாரம் போய் வரும் ஊரில் எஸ்டி கார்டு கெட வாய்ப்பு அதிகம்.

போர்டை முடிவு செய்த பிறகு மோடம். உண்மையில் இதைப் போர்டுக்கு முன்னால் யோசித்திருக்க வேண்டும். சிம்800எல் மலிவு, ஆனால் 2ஜி மட்டும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, ஆகவே ஜியோ சிம் அதில் ஒருநாளும் பதிவாகாது. வேறு சிம் போட்டால் இன்றைக்கு ஓடும். நாலைந்து வருடம் நிற்க வேண்டிய பலகைக்கு ஏ7670சி போன்ற 4ஜி மோடம் வாங்குவதே சரி. ஜியோ சிம் போடுவதென்றால் மோடத்தின் ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) ஐஎம்எஸ் எனும் 4ஜி செய்தி அமைப்பு வழியாகக் குறுஞ்செய்தி வாங்குமா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். வெறும் மாட்யூலின் லாஜிக் 1.8 வோல்ட், ஆகவே லெவல் ஷிஃப்டர் (வோல்டேஜ் பொருத்தி) ஏற்கெனவே பொருத்திய போர்டாகப் பாருங்கள். சில 4ஜி போர்டுகள் பவர்கீ என்ற தொடக்கக் காலைத் தொட்டால்தான் எழும்பும். கரண்ட் போய் வந்ததும் யாராவது பட்டனை அமுக்க வேண்டிய நிலை வராமல், அந்தக் காலை ஈஎஸ்பி32இல் இணைத்துவிடுங்கள்.

சிம்800எல்தான் என்றால் அதன் வோல்டேஜில் கவனம் வேண்டும். 3.4 முதல் 4.4 வோல்ட், நடுவில் 4.0 வைத்தால் நிம்மதி. டவரோடு பேசும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஈஎஸ்பி32 போர்டிலிருந்தோ யுஎஸ்பியிலிருந்தோ கொடுத்தால் நெட்வொர்க் தேடும்போதே விழுந்து விழுந்து எழும்பும். விளக்கு நொடிக்கு ஒரு முறை சிமிட்டிக்கொண்டே இருந்தால் இன்னும் பதிவாகவில்லை, மூன்று நொடிக்கு ஒரு முறை சிமிட்டினால் பதிவாகிவிட்டது. சிமிட்டல் ஏழெட்டு முறை வந்து நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் சிம்மையோ ஆன்டெனாவையோ குறை சொல்லாமல் சப்ளையைப் பாருங்கள். 12 வோல்டிலிருந்து எல்எம்2596 (வோல்டேஜ் குறைக்கும் சிப்) வழியாக 4.0க்குத் திருகி, மோடத்தின் காலடியிலேயே 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றும் 100 நானோஃபாரட் ஒன்றும் போடுங்கள். 5 வோல்டிலிருந்து அதே எல்எம்2596ஐ வைத்து 4 எடுக்க முயல வேண்டாம், அதற்கு அந்த இடைவெளி போதாது. ஈஎஸ்பி32இன் அனுப்பும் காலுக்கும் மோடத்தின் பெறும் காலுக்கும் இடையே 1 கிலோ ஓம் தொடரிலும், 5.6 கிலோ ஓம் கிரவுண்டுக்கும் போட்டால் 3.3 வோல்ட் 2.8 ஆக இறங்கும். மோடம் எதிர்பார்ப்பது அதைத்தான்.

நம் கரைக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. தனுஷ்கோடி, ராமேசுவரம் பக்கம் இலங்கை டவரின் சிக்னலும் எட்டும். தானாகத் தேடச் சொன்னால் மோடம் சில நேரம் அதைப் பிடித்துத் தொங்கும். பதிவு நிலையைக் கேட்டால் சொந்த நெட்வொர்க்குக்கு 1, ரோமிங்குக்கு 5, மறுப்புக்கு 3 என்று பதில் வரும். நாட்டுக் குறியீடு 404 அல்லது 405 என்று தொடங்கினால் நம்முடையது, 413 என்றால் இலங்கை. நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுக்கும் சிஓபிஎஸ் கட்டளையில் உங்கள் நிறுவனத்தின் எண்ணைக் கொடுத்துப் பூட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

செய்தி வாங்கும் முறையில் பலரும் சறுக்குவது, புதிய செய்தியை எங்கே சேர்ப்பது என்று மோடத்துக்குச் சொல்லும் சிஎன்எம்ஐ கட்டளையில். 2,2 என்று வைத்தால் செய்தி நேராகக் கன்ட்ரோலருக்கு வந்து விழும், எங்கும் சேமிக்கப்படாது. அந்த நேரம் போர்டு ரீசெட் ஆகிக்கொண்டிருந்தால் புயல் எச்சரிக்கையானாலும் போனது போனதுதான். 2,1 வையுங்கள். செய்தி சிம்மில் சேரும், வரிசை எண் மட்டும் வரும், நிதானமாகப் படித்து அழிக்கலாம். போர்டு எழும்பியதும் சிம்மில் தேங்கியதை ஒரு முறை வாரி எடுக்கும் வரியையும் சேருங்கள். அழிக்க மறந்தால் சிம் நிரம்பும், நிரம்பினால் புதிய செய்தி வராது. "மூன்று வாரம் நன்றாக ஓடியது, பிறகு செத்துவிட்டது" என்ற கதைகளில் பெரும்பாலானவை இந்த வகை.

துண்டுகளைச் சேர்க்க டெக்ஸ்ட் மோடு உதவாது. இது எத்தனையாவது துண்டு, மொத்தம் எத்தனை என்ற தகவல் அதில் வருவதில்லை. சிஎம்ஜிஎஃப் கட்டளையின் மதிப்பை 0 ஆக்கி, செய்தியைத் தலைப்போடு அப்படியே ஹெக்ஸாகத் தரும் பிடியு மோடுக்குப் போங்கள். செய்தியின் தொடக்கத்தில் 05 00 03 என்று தெரிந்தால் அடுத்த மூன்று பைட்டும் முறையே அடையாள எண், மொத்தத் துண்டு, இந்தத் துண்டின் எண். மூன்றாவது துண்டு முதலில் வருவதெல்லாம் நடக்கும், எண்ணைப் பார்த்து அடுக்குங்கள்.

எழுத்து வரைவதில் தமிழ் பயமுறுத்தும் அளவுக்குக் கஷ்டமில்லை. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரக் கொம்பும் நினைவகத்தில் மெய்க்குப் பின்னால் இருக்கும், பலகையில் முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் கொம்பு, க, துணைக்கால் என மூன்றாகப் பிரித்து வரையுங்கள். சில போன்கள் 'கொ'வை ஒரே குறியாகவும் சில கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் அனுப்பும், இரண்டையும் ஏற்க வேண்டும். உகர ஊகார வடிவங்களும் இகர ஈகார வடிவங்களும் தனித்தனிப் படமாகவே இருக்கட்டும். உயிர் 12, ஆய்தம், பதினெட்டு மெய்க்கும் ஆறாறு வடிவம், நான்கு துணைக்குறி, ஐந்து கிரந்த எழுத்தின் வடிவங்கள், ஸ்ரீ எல்லாம் சேர்ந்து 156 படம். ஒன்றுக்கு 24×16 புள்ளி என்றால் 48 பைட், மொத்தம் ஏழரை கிலோபைட்.

கணினி எழுத்துருவை அப்படியே 16 புள்ளிக்குச் சுருக்கினால் ணு, ஞ, நூ எல்லாம் கறைபோல் தெரியும். மேலே கி, கீ போன்றவற்றின் விசிறிக்கும் புள்ளிக்கும் மூன்று வரிசை, கீழே உகர வாலுக்கு மூன்று வரிசை ஒதுக்கி, நடுவில் பத்து வரிசைக்குள் கையால் வரைந்த எழுத்துதான் தூரத்திலிருந்து படிக்க வரும். நான்கு பேனலை ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 128×16 ஆக்குங்கள். உயரத்துக்கு ஆசைப்பட்டு இரண்டுக்கு இரண்டாக அடுக்கிப் பெரிய எழுத்து போட்டால் ஒரு நேரத்தில் நாலைந்து எழுத்துதான் தெரியும், சொல்லே பிடிபடாது.

யார் வேண்டுமானாலும் அனுப்பினால் ஓடக்கூடாது. அனுமதித்த எண்களின் பட்டியல் ஒன்றை வையுங்கள். அரசுத் துறையின் மொத்தச் செய்தி எண்ணிலிருந்து வராது, ஆறெழுத்துத் தலைப்பிலிருந்து வரும். அதன் முன்னால் உள்ள இரண்டு எழுத்து நிறுவனத்துக்கும் தொலைத்தொடர்பு வட்டத்துக்கும் ஏற்ப மாறும், ஆகவே அந்த முன்னொட்டை விட்டுவிட்டு, தலைப்பின் ஆறெழுத்தை மட்டும் ஒப்பிடுங்கள். செய்தியோடு வரும் தேதியும் நேரமும் கட்டாயம் பலகையில் வர வேண்டும். மின்சாரம் வந்ததும் முந்தாநாள் சேதி நேரமில்லாமல் ஓடினால், அதை நம்பி ஒருவர் வள்ளத்தை இறக்கிவிடக்கூடும். பழைய செய்திகள் மொத்தமாக வந்து குவியும்போதும் நேரத்தை ஒப்பிட்டுக் கடைசியானதையே காட்டுங்கள்.

மின்சாரக் கணக்கு: பேனலுக்கு 4 ஆம்பியர் வீதம் நான்கு பேனலுக்கு 16, ஆகவே 5 வோல்ட் 20 ஆம்பியர். எழுத்து ஓடும்போது சராசரி அதில் கால்வாசி, சுமார் 20 வாட். புயல் நேரத்தில்தான் மின்சாரத்தை நிறுத்துவார்கள், அப்போதுதான் பலகையும் தேவை. பாதிக்கு மேல் வடியவிடாமல், வோல்டேஜ் மாற்றும் இழப்பையும் கழித்துப் பார்த்தால் 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. 26 ஏஎச் ஆறு மணி நேரம் தரும்.

உப்புக்காற்றுக்கு ஜம்பர் கம்பி நிற்காது. பித்தளை முனை பச்சைக் களிம்பு பிடித்துத் தொடர்பு விட்டுவிடும். எல்லாவற்றையும் சால்டர் செய்து, சிம் தாங்கியையும் கனெக்டர்களையும் டேப்பால் மூடிவிட்டு அக்ரிலிக் கோட்டிங் அடியுங்கள். ஐபி65 (தூசியும் நீர்த்தாரையும் புகாத தரம்) பாலிகார்பனேட் பெட்டி நல்லது. இரும்புப் பெட்டி துருப்பிடிப்பதோடு சிக்னலையும் மறைக்கும், சிம்800எல்லோடு வரும் ஸ்பிரிங் ஆன்டெனா அதற்குள் பயனே இல்லை. ஆன்டெனாவை வெளியே கொண்டுவாருங்கள். கம்பி நுழையும் கிளாண்டு கீழ்ப்பக்கம் பார்த்திருக்கட்டும். மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில் மணலும் வாடைக் காலத்தில் மழையும் பக்கவாட்டில்தான் அடிக்கும்.

கம்பத்தில் ஏற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மூன்று துண்டாக உடையும் அளவுக்கு நீளமான தமிழ்ச் செய்தி ஒன்றைப் பலகை ஓடிக்கொண்டிருக்கும்போதே அனுப்புங்கள். இரண்டாவது தடவை அனுப்பும்போது நடுவில் மின்சாரத்தைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். அனுமதி இல்லாத எண்ணிலிருந்து ஒன்று அனுப்புங்கள், அது மட்டும் பலகையில் ஓடக்கூடாது. பிறகு சிம் கொள்ளும் அளவைத் தாண்டும்வரை சிறு செய்திகளாக அனுப்புங்கள். நான்கிலும் எழுத்து சிதையாமல், சரியான நேரத்தோடு, யாரும் பட்டனைத் தொடாமல் பலகை நின்றால் ஏற்றலாம். எங்காவது தடுமாறினால் கீழேயே சரிசெய்துவிட்டு, நான்கையும் மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பாருங்கள்.